பிப்ரவரி 1904-இன் ஓதம்

கேட்பாரற்றவை என்றொரு பட்டியல் உண்டு.
பராமரிக்க ஆளில்லாத பொதிகள் அதில்
அகரவரிசையில் கிடக்கும்.
வீகோவில் மழைபெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை,
மீன்டப்பா ஆலையின் மாதக்கணக்கை முடித்த கையோடு
அதிலொன்றை எடுத்து என் பெயரைப் போட்டேன்.
கடலின் ஏற்றவற்றத்தைக் கணிக்கும் சிறு நூலகம்.
நாலாயிரத்துச் சொச்சம் வரி.
வேலியில் போன ஓணான்.

முன்னால் பார்த்துக்கொண்டவர் பெயர் பிரெய்ஷோ.
மாற்றக்குறிப்பில் அவருடைய கடைசிப் பதிவு:
"எழுத்துப்பிழை ஒன்று திருத்தம்.
எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள். இனி வேறு யாராவது."
அதற்குமுன் பதிமூன்று வருடம்,
எல்லாப் பதிவும் இரவு ஒரு மணிக்கு மேல்.
அவரை நான் பார்த்ததில்லை.
எந்த வரியில் கொட்டாவி விட்டார்,
எந்த வரியில் யார்மீதோ எரிச்சலில் இருந்தார்
என்பது மட்டும் தெரியும்.

பொதி என்றால் சுமையும்தான்.
கட்டு, அவிழ், மறுபடி கட்டு.
புதிய கம்பைலர் வந்து
பழைய முடிச்சுகளை எச்சரிக்கையோடு முறைக்கும்.

எட்டு வகை இயந்திரங்களுக்குக் கட்டினேன்.
ஏழு பச்சை.
யானை போய் வால் சிக்கியது
முப்பத்திரண்டு பிட்டில்.

அந்த வகைக்கு
2038 ஜனவரி பத்தொன்பதோடு எண்கள் தீர்ந்துவிடும்.
மறுநொடி 1901 டிசம்பரில் போய் விழுந்து
அங்கிருந்து எழுந்து
ஒன்றும் நடக்காததுபோல் நடக்கும்.
சோதனை கேட்டது: 2040 மார்ச்சில் நீர்மட்டம்?
அது தயங்காமல் சொன்னது
1904 பிப்ரவரிக்கு.
கணக்கில் பிழையில்லை.
வேறொரு நாளின் சரியான விடை.

"அந்த வகையை விட்டுவிடு" என்றார்
வெளியீட்டுக் குழுவின் இல்மார், தார்த்துவிலிருந்து.
"பதினோரு பேர்தான் அதில் வைத்திருக்கிறார்கள்."
நியாயம்தான்.
விலக்கும் வரியைத் தட்டிவிட்டேன்.
அனுப்புமுன் பழைய பிழையறிக்கைகளை
மூடிவைக்கப் போனவள்
ஒன்பது மாதமாய்ப் பதிலின்றிக் கிடந்ததை வாசித்தேன்.

கம்பாதோஸில் சிப்பி பொறுக்கும் பெண்களின் சங்கம்.
செயலாளர் ஒதிலியா ஃபொன்தான் எழுதியிருந்தார்:
"அலுவலகக் கணினிக்கு வயதாகிவிட்டது, எங்களைப்போல.
உரிமம் புதுப்பிக்க 2040 வரை அட்டவணை கேட்கிறார்கள்.
அச்சில் 1904 வருகிறது.
அன்றைய வற்றம் அருமையாக இருந்திருக்கிறது.
போய்வர ஏதாவது வழியுண்டா?"

சிரித்தேன். பிறகு
தட்டிய வரியை அழித்தேன்.

காலத்தை வைத்திருந்த இடம் குறுகலாயிருந்தது, மூன்று கோப்புகளில்.
நாலாவதைத் தூங்கி எழுந்தபின் கண்டேன்.
அகலமாக்கினால் நூலகத்தின் எண் மாறும்,
எண் மாறினால் அதன்மேல் சாய்ந்திருக்கும் மூன்று பொதிகளையும்
அவரவர் மறுபடி கட்டவேண்டும்.
மூவருக்கும் எழுதினேன்.
ஒருவர் ஒரு மணிநேரத்தில் முடித்தார்.
ஒருவர் முதலில் என்னைத் திட்டினார்.
ரெசிஃபேக்காரர் கார்னிவலுக்குப் போனவர்தான்.
அதையும் நானே கட்டினேன்.

மூலநிரலை எழுதியவர் ஹாலிஃபாக்ஸில்.
இரண்டு வரிப் பதில்:
"கடல் மாறவில்லை, அதனால் நானும் தொடவில்லை.
உங்கள் ஒட்டை ஏற்றுக்கொள்கிறேன்."

அந்த வகைக்கான கட்டுமான இயந்திரம்
உலகத்திலேயே பொறுமையானது.
கஷ்கொட்டை வெந்து, தோலுரித்து,
பாதியைத் தின்றும் முடித்தேன்.
பச்சை.

மாற்றக்குறிப்பில் எழுதினேன்:
"காலம் அகலமாக்கப்பட்டது. பிழை மூடப்பட்டது.
அல்தாரா, இரவு 1:52."
நேரத்தைப் பார்த்ததும் பிரெய்ஷோ நினைவுக்கு வந்தார்.
குழந்தைகள் தூங்கியிருப்பார்கள்.

ஒதிலியா நன்றி சொல்லவில்லை.
"இப்போது 2040 வருகிறது" என்று எழுதினார்,
"மார்ச் வற்றம் சுமார்தான்.
இதற்குப் பழையதே தேவலை."

மறுவாரம் எண்ணிக்கையைப் பார்த்தேன்.
பத்து.
யாரோ புதுக் கணினி வாங்கிவிட்டார்கள்.
யார் என்று சொல்லும் வசதி அந்தக் கணக்கெடுப்பில் இல்லை.