இது ஆலிவ்தான்

ஹயேனில் மே மாதக் காற்றுக்கு
மஞ்சள் நிறம்.
கடைசி வீட்டுச் சுவர் முடிகிற இடத்தில் ஆரம்பிக்கும் மரங்கள்,
பிறகு மலை வரை வேறெதுவும் கிடையாது.
ஊருக்கே சோறு போடுகிற மரம்.
என் மூக்கில் மட்டும் மிளகாய் வைக்கும்.

பதினேழு வயதிலிருந்து இப்படி.
தொடர்ந்து ஒன்பது தும்மல்.
பத்தாவது வருவது போல வந்து ஏமாற்றும்.
முன்பெல்லாம் பழக்கடைக் கல்லாவில் நான் தும்மினால்
வரிசையில் யாராவது "ஹெசூஸ்" என்பார்கள்.
எங்கள் வழக்கம் அது,
தும்முகிறவரைக் கடவுள் பெயரால் தாங்கிப் பிடிப்பது.
ஒன்பதுக்கும் ஒன்பது முறை சொன்னவர்கள் உண்டு.
மூன்றாவதோடு அலுத்துப்போய்
"டாக்டரைப் போய்ப் பாரேன்" என்றவர்களும்.

அந்த வருடம் ஒருவரும் சொல்லவில்லை.

முதல் தும்மலுக்கு வரிசை பின்வாங்கியது.
இரண்டாவதுக்கு ஒரு பெண்
எடுத்த தக்காளியைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்,
தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல, அவ்வளவு மெதுவாக.
மூன்றாவதை விழுங்கினேன்.
விழுங்கிய தும்மல் எங்கே போகும், தெரியுமா?
காதுக்குள் போகும். அங்கிருந்து கண்ணுக்கு.
முகக்கவசத்துக்கு மேலே அழுகிறவளாக நின்று
மீதிச் சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.
அவள் அதை எடுக்கவில்லை.

முதலாளி என்னைக் கிடங்குக்கு அனுப்பினார்,
வெங்காயம் தரம் பிரிக்க.
"நான் உன்னை நம்புகிறேன் கசில்டா,
வாங்க வருகிறவர்கள் நம்ப வேண்டுமே."

இரவில் எனக்கே சந்தேகம்.
எண்ணெய்ப் புட்டியைத் திறந்து முகர்வேன்.
வாசனை வராது.
மூக்கடைப்பா? அதுவா?
விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி முகர்வேன்,
வெளிச்சத்தில் வாசனை தெரிந்துவிடும் என்பது போல.

ஓர் அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினேன்:
இது ஆலிவ்தான். தொற்று அல்ல.

மாடியிலிருந்து எவுஃப்ராசியோ இறங்கி வந்தார்,
பேருந்து ஓட்டுநர், தனிக்கட்டை.
ஆறாவது படியிலேயே நின்று
முழங்கைக்குள் இருமிவிட்டுக் கேட்டார்:
"எனக்கும் ஒன்று எழுதித் தருவாயா?
உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது."
தந்தேன். இன்னும் நல்ல பேனாவால்.
அடியில் சின்னதாக ஒரு கிளைகூட வரைந்தேன்.

அவர் தும்மி நான் கேட்டதில்லை.
பதினொரு வருடம், ஒரே மாடிப்படி,
ஒரு முறைகூட இல்லை.
எழுதும்போதே அது எனக்குத் தெரிந்திருந்ததா,
பிறகுதான் தெரிந்ததா,
இப்போது பிரித்தெடுக்க முடியவில்லை,
வெங்காயம் அல்லவே.

எட்டாம் நாள் வெள்ளை உடையில் இருவர் வந்தார்கள்.
ஒருவர் கதவடியில் நின்று அட்டையைப் படித்தார்.
கிளையையும் பார்த்தார்.
நான் என் கதவின் துளையில் கண் வைத்து
மூச்சை அடக்கியிருந்தேன்.
தும்மல் வந்தது.
விழுங்கினேன்.

ஜூலையில் திரும்பினார், பாதி ஆளாக.
ரொட்டி வாங்கி வாசலில் வைத்தேன்.
நன்றி என்றார்.
அட்டையைப் பற்றி அவரும் பேசவில்லை,
நானும் பேசவில்லை.
அது இன்னும் அங்கேதான் இருக்கிறது,
இலைகளின் மை வெளுத்து.

இந்த மே மாதம், படியேறும்போது
எனக்கு ஆரம்பித்தது.
ஒன்று.
மேலே மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து
"ஹெசூஸ்" என்றது அந்தக் குரல்.
கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். இரண்டு, மூன்று.
ஒவ்வொன்றுக்கும் சொன்னார், மூச்சு வாங்க,
ஒன்பதாவது வரை.

பத்தாவதுக்கு
அவர் அந்தப் பக்கம் காத்திருப்பது
எனக்குக் கேட்டது.