வலது மூலையில் ஒரு தூசி

ரிச்சி தெருவில் நாலாயிரத்து இருநூறுக்கு வாங்கினேன்.
பெட்டி இல்லை, பில் இல்லை,
உள்ளே யாருடையதோ ஒரு தூசி மட்டும் இருந்தது.
எங்கே திருப்பினாலும் படத்தின் வலது மூலையில்
மிளகளவு சாம்பல் புள்ளி.
துடைத்துத் தர எழுநூறு கேட்டார்கள்.
இருக்கட்டும் என்றேன்.
கொருக்குப்பேட்டை வானத்தில்
அது பருந்து மாதிரிதான் தெரிகிறது.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்புவேன்.
எங்கே என்று கிடையாது.
மூடிய ரயில்வே கேட்டின் முன்
என்ஜினை அணைத்து ஒற்றைக்கால் ஊன்றி நிற்கும் நாற்பது பேர்.
சரக்கு வண்டியின் இடுக்குகளில்
துண்டு துண்டாக எதிர்ச்சாரி.
மீன் ஐஸ் உருகி ஓடும் சந்தில்
செருப்பைக் கையில் பிடித்தபடி ஒரு டியூஷன் பையன்.
சில வாரம் கும்மிடிப்பூண்டி வண்டியேறி
அனுப்பம்பட்டில் இறங்குவேன்.
வயல் உண்டு, வயலுக்குப் பின்னால் புகைபோக்கியும் உண்டு.
எதை விட்டு எதை எடுப்பது என்று
வரப்பில் நின்று யோசிப்பதற்குள்
கொக்கு எழுந்துவிடும்.

கேமராவோடு வருகிறவளை எங்கள் பக்கத்தில்
மூன்று விதமாகக் கேட்பார்கள்.
எந்த டிவி?
எந்தக் கட்சி?
மூன்றாவதைக் கேட்டவள் நவமணி.
கால்வாய்க் கரையில், இடுப்புக் குடத்தை இறக்காமலே கேட்டாள்:
"வூட்ட எடுக்க வந்துகிறியா?"

நான் சுவரைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.
நீலச் சுவர். வெயில் அதில் ஏணி போலச் சாய்ந்திருந்தது.
"இல்லக்கா, சும்மா."
"போன தபாவும் ஒருத்தன் சும்மாதான் எடுத்தான்.
அடுத்த மாசம் அந்தாண்ட வரிசையையே எடுத்துட்டானுங்க."

ஒரே சொல்தான்.
இருபது வருடமாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன்,
வரவும் பற்றும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருந்ததை
அன்றுதான் பார்த்தேன்.
லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு ஞாயிறு அந்தப் பக்கம் போகவில்லை.
மூன்றாவது ஞாயிறு, கேட்டில் நிற்கையில்
தோளைத் தொட்டாள்.
"எடுக்கறதா இருந்தா ஒழுங்கா எடு.
நாலு பக்கமும் எடு."

கொடியில் கிடந்ததையெல்லாம் உருவி உள்ளே போட்டாள்.
வாசலைக் கழுவினாள்.
பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினாள்.
கதவெண்.
மீட்டர் பெட்டி, அதன் நம்பர் தெரிகிற மாதிரி.
பின்சுவரில் மகன் ஆணியால் கீறிய வருடம்.
இடுப்புயரம்கூட வராத வேம்பு:
"மரம்னு தெரியணும், கீழ குந்தி எடு."
ஒளி சரியில்லை. நான் சொல்லவில்லை.
பதினொரு படம்.
ஒன்றில்கூட அவள் நிற்கவில்லை.
"நான் எதுக்கு? என்னையா இடிக்கப் போறானுங்க?"

இம்தியாஸ் கடையில் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன்.
வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.
"இது இன்னா கறை? எங்க செவுத்துல இல்லியே."
கேமராவோடது என்றேன்.
பதினொன்றிலும் விரலை வைத்துக் காட்டினாள்.
"அழிச்சுக் குடு.
இல்லாதது இருந்துச்சுன்னா
இருக்கறதையும் இல்லன்னுடுவான்."

இம்தியாஸ் ஒரு மணி நேரம்
அந்தப் புள்ளிகளோடு மல்லுக்கட்டினான்.
டீக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டான்.

கேமராவைத் துடைக்க இன்னும் கொடுக்கவில்லை.
போன வாரம் அனுப்பம்பட்டில்,
மழை விட்ட வயலில் பதினாறு கொக்குகள்.
திரையில் எண்ணினால் பதினேழு.

நவமணியின் கவர்
அரிசி டின்னுக்கு மேலே, கரண்ட் பில்களோடு இருக்கிறது.
இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.
கேட் மூடியிருக்கும் நேரங்களில்
பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள்.
"அத்த எடு" என்பாள், முகவாயால் காட்டி.
பெரும்பாலும் நான் பார்க்காத ஏதோ ஒன்று.
நேற்று,
ஐம்பது வேகன்கள் தலைக்குமேல் போய் முடிந்த பிறகும்
இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில்
நசுங்காமல் ஒரு தக்காளி.