பதினொரு நிமிடம்

நாற்பது டொலர். உள்ளங்கைக்குள் அடங்கும்.
காட்டுத்தீ எங்கே நிற்கிறதென்று
கேட்கத்தான் வாங்கினேன்,
கதைக்க அல்ல.

அன்று கம்லூப்ஸ் வானம்
மஞ்சள் கரைத்த தண்ணீர்.
டிரக் இருக்கைக்கும் என் தொடைக்கும் நடுவே
வாக்கிடோக்கி நழுவியது தெரியாது.
பொத்தான் அமுங்கியே கிடந்தது.

தர்மினியோடு போனில் சண்டை.
காப்புறுதிக் காசு,
அவள் தம்பி திருப்பித் தராத கடன்,
நான் வாங்க மறந்த உள்ளி.

மலைமுதுகில் ஒருத்தி
காற்றுத் திரும்பிவிட்டதென்று
அதே அலைவரிசையில்
கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.
கீழே எல்லோர் காதிலும்
என் உள்ளி.

ஓடைக்குள் கழுத்தளவு இறங்கித் தப்பினாளாம்.
ஒரு பக்கத்துத் தலைமயிர் இல்லை.

மூன்று கிழமை கழித்துக் கதவு தட்டி
ஒரு கட்டுத் தாள் தந்தார்கள்.
யாரோ தமிழ் தெரிந்தவர்
எங்கள் சண்டையை வரிவரியாய்
ஆங்கிலத்தில் தட்டச்சடித்திருந்தார்.
என் தும்மல்கூட அடைப்புக்குறிக்குள்.

அபராதத் தொகையைத் தர்மினி தேடினாள்.
நான் நாலாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.
'உன் தம்பி' என்பதற்கும்
'என் தலைவிதி' என்பதற்கும் நடுவே
ஒரு வரி:
பெண் குரல், தெளிவில்லை:
யாராவது