குறைகள் என்ற கட்டம்

படிவத்தில் ஏழு கட்டங்கள்.
முதலாவது எளிது:
துஆ ஏடு. எதிர்னே நகரம். நூற்றுப் பன்னிரண்டு தாள்.
எழுதியவர் கடைசியில்
'பாவி சுனுல்லா' என்று கையொப்பமிட்டிருக்கிறார்.
பாவியின் கை சுத்தம்.
ஒரு லாம் சாயவில்லை,
ஒரு நூன்கூடத் ததும்பவில்லை.

தங்கத்தைப் பற்றி எழுதத்தான்
வியன்னாவில் எனக்குச் சம்பளம். எழுதினேன்:
ஓரக்கோடு, தலைப்பில் கொடிவேலை,
வசனம் முடியுமிடமெல்லாம் ஆறிதழில் குட்டிச் சூரியன்.
பச்சைதான் பொல்லாதது.
செம்புக் களிம்பில் குழைத்த பச்சை
இருநூற்றைம்பது வருடமாகத் தாளைத் தின்கிறது.
இலை இருந்த இடத்தில்
இலை அளவே ஓட்டை.
அதன் வழியே எட்டிப் பார்க்கிறது
அடுத்த பக்கத்து 'ரஹ்மான்'.

'உடைமையாளர்கள்' கட்டம் மூன்று வரி கொள்ளும்.

ஷெஹ்சுவார், கைம்பெண், த்ராவ்னிக்.
ஆற்றங்கரைப் பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்கிறாள்:
'விற்கலாகாது, அடகு வைக்கலாகாது,
மாற்றுகிறவன் மேல் அல்லாஹ்வின் சாபம்.'
அதற்குக் கீழே, வேறு மையில், வேறு எழுத்தில்:
'ஐந்து ஃபோரிண்ட். 1878.'
சாபத்துக்கும் விலைக்கும் நடுவே
ஒரு விரற்கடை வெறுந்தாள்.
ஐந்து ஃபோரிண்டை வாங்கியது யார்
என்று தாள் சொல்லவில்லை.
கொடுத்தது ஒரு லெப்டினன்ட்;
கூடவே ஒரு கம்பளமும் கொண்டுபோனான்.

அவன் பேத்தி நிலக்கரிக்கு விற்றாள், குளிர்காலத்தில்.
வாங்கியவர் பல் மருத்துவர், ஓஸ்கார் ஃபெல்ட்ஸ்பெர்க்.
அவர் பெயர் ஒட்டியிருந்த சீட்டை
யாரோ உரித்திருக்கிறார்கள்.
உள்ளட்டையில் நீள்சதுரமாகக் கோந்து மிச்சம்.
பெயரை நான் வேறோர் ஏலப் பட்டியலில் கண்டுபிடித்தேன்,
1938 மே மாதம்,
ஒரு பியானோவுக்கும் ஒரு பல் நாற்காலிக்கும் நடுவில்.
'தனியார் சேகரிப்பு என்று போடுங்கள்' என்றார்
ஹெர் ப்ராண்ட்ஷ்டெட்டர்.
கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்.
நான் மருத்துவரின் பெயரைப் போட்டேன்.
அச்சில் அது வரவில்லை.

கடைசித் தாளில் கிறுக்கலாக நாலு வரி.
'படிக்க முடியாத குறிப்பு, பாரசீகமாக இருக்கலாம்'
என்று எனக்கு முன்னிருந்தவர் பென்சிலில் எழுதிவைத்திருந்தார்.
அரபு எழுத்துத்தான். பாஷை என்னுடையது.
என் அம்மா என்னைத் திட்டுகிற பாஷை.
வாய்விட்டுப் படித்தேன்:
'ஆறு கோழி. ஒன்றை நரி கொண்டுபோனது.
ஜன்னல் வரை பனி.
ஹாஜெராவுக்கு ஒரு கை உப்பு தர வேண்டும்.
உமிஹானாவுக்கு இருமல் நின்றுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.'
அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
இதைப் போட ஏழில் எந்தக் கட்டமும் இல்லை.

பிறகு 'குறைகள்'.
நாற்பத்தொன்றாம் தாள், இடப்பக்கக் கீழ்மூலை:
கறுப்பு. வழவழப்பு. மை தேய்ந்திருக்கிறது.
பொன்னில் மின்னும் பக்கங்கள் எல்லாம்
திருமண வீட்டுத் தட்டுப் போலப் புதிதாக இருக்கின்றன.
இந்தத் தாளில் பொன்னே இல்லை.
ஓரக்கோடுகூட அவசரமாய் இழுத்தது.
உறக்கம் வராதவர் ஓதும் துஆ.

விரலை வைத்துப் பார்க்கவில்லை.
கையுறை போட்டிருந்தேன்.
அந்தப் பள்ளத்தில் விரல் எங்கே போய் உட்காரும்
என்பது தெரிந்தது.
யார் யார் என்று தெரியாது.
இரண்டரை மணிக்கு, மூன்று மணிக்கு,
விளக்கெண்ணெய் தீர்கிற நேரத்தில்
எழுந்தவர்கள் எல்லோரும்.
லெப்டினன்ட்கூட, யார் கண்டது,
படிக்கத் தெரியாமலே அந்த மூலையைத் தடவியிருக்கலாம்.

'அழுக்குக் கறை, இரண்டரை சென்டிமீட்டர்'
என்று எழுதி முடித்தேன்.

நேற்று ஒருவர் ஜெனீவாவிலிருந்து கூப்பிட்டார்.
தங்கம் பிரமாதம் என்றார்.
நாற்பத்தொன்றில் இருக்கும் அழுக்கு,
சுத்தம் செய்தால் போகுமா?
'போகாது' என்றேன்.
அப்படியானால் விலையைக் குறையுங்கள் என்றார்.

குறைத்தோம்.
அந்த மூலைக்கு நானூறு யூரோ.