பொலிஷ் மட்டும்

கிண்ணியாவில் நிஸ்தாரின் பழைய இரும்புக் கடையில்
பித்தளை விலைக்கு நிறுத்து வாங்கியதாம்.
இரண்டு கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு.
உப்புவெளி ஹோட்டல் மேனேஜர் சுலோஜன்
மரக்கறிப் பையிலிருந்து என் மேசையில் கொட்டினார்.
"பொலிஷ் மட்டும் போதும் அக்கா,
ரிசெப்ஷன் சுவரில் கொழுவப்போறம்.
மூச்சு விடத் தேவையில்லை."

இரட்டைக் குழாய் ரெகுலேட்டர்.
சம்பல் கிண்ணமளவு டப்பி,
அதன் இரு காதிலும் இரண்டு மயிர்க்கொட்டிகள்,
தொட்டால் உதிரும் றப்பர்.

செம்பில் களிம்பு கூடவே பிறந்தது என்பார்கள்
கோணேசர் கோயில் பிரசங்கத்தில்.
இது பிறகு வந்த களிம்பு.
வினாகிரி பாதி, வெந்நீர் பாதி,
இருபது நிமிடத்தில் போய்விடும்.
மறந்துபோய் ஊறவிட்டால்
பித்தளை வெட்கப்பட்டதுபோல் சிவக்கும்,
பிறகு அந்தச் சிவப்பு போகாது.

இறுகிய திருகாணிக்கு
டிலக்சன் சுத்தியல் எடுத்து வந்தான்.
வை அதை, என்றேன்.
ஒரு சொட்டு எண்ணெய். ஓர் இரவு.
இன்னொரு சொட்டு. இன்னோர் இரவு.
மூன்றாம் நாள்
கதிரை நகர்வது மாதிரி ஒரு சத்தம்.

உள்ளே மணல்,
குட்டி நண்டின் ஓடு,
மூச்சு வெளியேறும் தாராச்சொண்டு வால்வு,
சொண்டு ஒட்டிப்போய்.
வாயில் கவ்வும் றப்பரில்
யாரோ ஒருவனின் கடி:
இடப்பக்கம் ஆழமாய், வலப்பக்கம்
ஒரு பல் விட்ட இடைவெளி.

மூடிப் பளபளப்பாக்கிக் கொடுத்திருக்கலாம்.
சிலிக்கோன் தகட்டை ஏன் வட்டமாய் வெட்டினேன்
என்று கேட்காதீர்கள்.
ஒன்பதரையில் நிற்கவேண்டிய முள்
தேநீர் ஆறுமுன் பத்தைத் தாண்டி ஊர்ந்தது.
கழற்றினேன். வால்வின் வாயில் ஒரு கீறல்,
தலைமயிர்தான். தேய்த்தேன். பூட்டினேன்.
ஊர்ந்தது.
கழற்றினேன்.
மூன்றாம் தரம் நின்றது.
டிலக்சன் விசிலடித்தான்,
மின்சாரம் போனது, டோர்ச் அடித்துப் பார்த்தோம்,
நின்றுகொண்டே இருந்தது.

ஞாயிறு விடிய டச்சுக்குடா.
கோட்டை மான்கள் கரையில்
யாரோ எறிந்த சோற்றுப்பையை இழுத்துக்கொண்டு நின்றன.
ஆறு மீட்டர்.
குமிழிகள் முகத்துக்கு முன்னால் இல்லை,
பிடரிக்குப் பின்னால் போயின.
ஒரு கிளிமீன் என் கண்ணாடிவரை வந்து
தன்னைப் பார்த்துவிட்டுப் போனது.
குப்புற நீந்தினால் கருமி,
ஒவ்வொரு மூச்சையும் கேட்டு வாங்கவேண்டும்.
மல்லாந்தால் வள்ளல்,
வாய் கொள்ளாமல் கொட்டுகிறது.
குணம் இப்படி என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.
இருபத்தெட்டு நிமிடம் இருந்தேன்.

பில்: பொலிஷ், ஐயாயிரம்.

இப்போது சாவிப் பலகைக்கும்
பிளாஸ்ரிக் கப்பல் சக்கரத்துக்கும் நடுவில் தொங்குகிறது.
ஆறு மாதத்துக்கொருக்கால் தூசி தட்ட என்று போய்
ஓரிரவு வீட்டுக்குக் கொண்டுவருகிறேன்.
ஓரங்களுக்குக் கிறீஸ், முள்ளுக்கு ஒரு பரீட்சை.
கடிபட்ட பழைய றப்பர் என் லாச்சியில் இருக்கிறது,
அதற்குப் பில் இல்லை.

போன கிழமை திருப்பிக் கொழுவப் போனபோது
நீச்சல் உடுப்போடு ஒரு சின்னப்பிள்ளை
எட்டிப் பிடித்து வாயில் வைத்து
கன்னம் ஒட்ட இழுத்தாள்.
"காத்து வரேல்ல. இது பழுது."

சிலிண்டர் இல்லாமல் இழுத்தால்
காற்று வரவே கூடாது.
ஒரு துளி வந்திருந்தால்
எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

"இன்னொருக்கா இழுங்கோ," என்றேன்.