இருபத்தாறாயிரத்து ஐந்நூறு

சீட்டைத் தள்ளி எடுத்த காசு.
கழிவு போக இருபத்தாறாயிரத்து ஐந்நூறு.
ரஸ்க் பாக்கெட் உறையில் மடித்து
என் மேசைமேல் வைத்தாள் ரெத்தினமாலா.
"இதுக்குள்ள முடிச்சு விட்ரு.
ப்ராசஸரு கீசஸரெல்லாம் ஒம் பாடு.
எனக்குச் சத்தம் மட்டும் வரக் கூடாது."

காளவாசலில் ஓர் இன்ஜினியரிடம்
பதினோரு வருடம் வீட்டு வரைபடம் போட்டவள்.
எத்தனையோ பேர் அடுப்பை
அக்னி மூலைக்கு நகர்த்திக் கொடுத்தவள்.
இனி வீட்டிலிருந்தே வரையப் போகிறாள்.
வீடென்றால் வில்லாபுரத்தில் ஒற்றை அறை.
கட்டிலில் பகலெல்லாம் முருகவேல்;
கப்பலூர் மில்லில் ராத்திரி ஷிப்ட்.
விடிய விடிய ஸ்பிண்டில் இரைச்சல் கேட்ட காதுக்கு
கொசு பறந்தாலும் முழிப்புத் தட்டிவிடும்.

முடிந்துபோன ஒரு கல்யாணத்தின் பத்திரிகையில்
கணக்குப் போட்டேன்.
தாய்மாமன் பெயருக்குப் பக்கத்தில் மதர்போர்டு, ஐயாயிரத்து நூறு.
சுபமுகூர்த்தத்துக்குக் கீழே ப்ராசஸர், எட்டாயிரத்து இருநூறு;
தனிக் கார்டு இல்லாமலே படம் காட்டும் ஜாதி.
ஹார்ட் டிஸ்க் கறகறக்கும், அடித்தேன்.
எஸ்எஸ்டி வாய் திறக்காது, எழுதினேன்.
"தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற வரிக்கு எதிரே
ஒரு கிராபிக்ஸ் கார்டையும் எழுதியிருந்தேன்.
ஏன் எழுதினேன் என்று
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆசை என்னுடையது. காசு அவளுடையது.
பேனா கிழிய அடித்தேன்.

டவுன் ஹால் ரோட்டில் இரண்டாவது மாடி.
இதாயத்துல்லா பாய் கண்ணாடிப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.
உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு ஓடியது.
"பவர் சப்ளை இதோடயே ஓசி, தம்பி."
ஓசியில் வருவதை எடுத்தால்
சாயங்காலம் வோல்டேஜ் இறங்கி ஏறும் ஒரு நாளில்
போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.
கறுப்புத் தகரப் பெட்டி போதும் என்றேன்.
விளக்கை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு.

பழைய மானிட்டர் மூவாயிரம்.
ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் எந்நேரமும் பச்சை.
"மூக்குத்தி மாதிரி இருக்கு, இருக்கட்டும்" என்றாள்.

எல்லாம் கூட்டினால் இருபத்தாறாயிரத்து இருநூறு.
ஆனால் ப்ராசஸரோடு வரும் சின்ன விசிறியை
பாய் ஓட்டிக் காட்டினார்.
கரும்புச்சாறு வண்டி.
அகலமான, அமைதியான விசிறி ஆயிரத்து அறுநூறு.
மறுபடி கூட்டினேன், கழித்தேன்,
மாப்பிள்ளை வீட்டார் பட்டங்களின் மேலேயே எழுதினேன்.
கடைசியில் ரெண்டு ராமில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.
கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
"பெரிய படம் தெறந்தா கொஞ்சம் இழுக்கும் மாலா.
இந்தக் குழி காலியாத்தான் கெடக்கும்.
பெறகு ஒண்ணு வாங்கிச் சொருகிக்கலாம்."

போர்டைக் கையில் வாங்கி
காலிக் குழியை விரலால் தடவினாள்.
"அதுக்கென்ன. மாடிக்குக் கம்பி விட்ருக்கு" என்றாள்.

ஆட்டோவில் மானிட்டர் அவள் மடியில்,
போர்டு என் மடியில்.
தெற்குவாசலில் நெரிசல்.
ரெண்டு பேரும் மூச்சுக்கூட அளந்து விட்டோம்.

கட்டிலுக்கடியில் பாய் விரித்து மாட்டினேன்.
திருகாணி விழாமலிருக்க உள்ளங்கையில் காந்தம்.
சுவிட்சைப் போட்டால்
விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு.
இருபத்தாறாயிரத்து முந்நூறும் என் கழுத்தில் வியர்த்தது.
வயரைப் பிடுங்கி, மாட்டி, பிடுங்கி,
கடைசியில் அந்த ஒற்றை ராமை
இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினேன்.
டிக்.
அன்றைக்கு அந்தப் பெட்டி போட்ட சத்தம் அவ்வளவுதான்.
திரை வெளுத்தது, ஓரத்தில் மூக்குத்தி மின்னியது.

அவள் ஒரு செவ்வகம் வரைந்தாள்.
அதற்குள் சுவர், சுவருக்குள் கதவு,
கதவு திறக்கும் கால்வட்டம்.
யாருடைய வீடு என்று நான் கேட்கவில்லை.
மேலே சீலிங் ஃபேன்தான் லொடலொடத்தது.

ஒரு மணிநேரம் கழித்து முருகவேல் புரண்டு படுத்தார்.
கண்ணைத் திறக்காமலே கேட்டார்:
"மிஷினு எப்பத்தா வருது?"
அவள் மவுஸை விட்டு
மெல்லக் கையை எடுத்தாள்.
"வரும். நீங்க தூங்குங்க."