ஐந்தாம் கூண்டு

கெர்மன்ஷாவில் பனி இன்னும் கரையவில்லை.
பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில்
நாற்பது எலிகளுக்கு மட்டும்
எப்போதும் இருபத்திரண்டு டிகிரி வசந்தம்.

ஷிலான் கையுறை மாட்டுகிறாள்.
வாரம் இருமுறை விஷம், ஊசி வழியே வயிற்றுக்குள்.
மாலைதோறும் ஓட்டம், நிமிடத்துக்குப் பதினாறு மீட்டர்.
காலைதோறும் மரியமின் முள்,
நீரில் கலக்கி, வளைந்த குழாயில், தொண்டைக்குள்.

மரியமின் முள் என்பது அங்கே அவர்கள் வைத்த பெயர்.
மலையடிவாரத்தில் கேட்பாரற்று வளரும்.
இலையில் பால் கொட்டிய தடம்,
தலையில் ஊதாப் பூ, கழுத்தைச் சுற்றி ஈட்டிகள்.
இங்கே வந்தபிறகு பழுப்புத் தூள்.
தராசுத் தட்டில் ஒரு சிட்டிகை, மூச்சு பட்டாலே அளவு மாறும்.

முதல் கூண்டுக்கு எதுவும் இல்லை, அது சும்மா வாழ்கிறது.
இரண்டாவதற்கு விஷம் மட்டும்.
மூன்றாவது ஓடும். நான்காவது குடிக்கும்.
ஐந்தாவது விஷமும் வாங்கி
ஓடவும் ஓடி, குடிக்கவும் குடிக்கும்.

ஐந்தாம் கூண்டில் ஒன்று,
வாலில் மூன்று கோடு போட்டது,
ஓடாது.
பட்டை நகரும்போது பக்கச் சட்டத்தில் புட்டத்தை வைத்து
முன்னங்கால்களை மட்டும் ஒப்புக்கு ஆட்டும்.
ஷிலான் பார்த்தாள். குறிப்பேட்டில் எழுதவில்லை.

வீட்டில் அண்ணன் ராமியார்.
கார்களுக்கு வண்ணம் அடிப்பவன்.
முகமூடி பட்டறை ஆணியில் தொங்குகிறது,
வார் அறுந்து ஒரு வருடம்.
அவன் உள்ளே வரும் முன்னே தின்னர் வாசனை வந்துவிடும்.
அவள் இப்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பதில்லை,
கண்ணின் வெள்ளையைத்தான் பார்க்கிறாள்.

அத்தாரி கடையில் வாங்கிய குப்பியை
தேநீர்க் குவளைக்குப் பக்கத்தில் வைத்தாள்.
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.
சாயங்காலம் நடக்கலாம், நானும் வருகிறேன்.

சிரித்தான். சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டே கேட்டான்:
உன் எலி ஓடுதே, எங்கே போய்ச் சேருது?
எங்கேயும் இல்லை.
ஓடி முடித்ததும்?
அடுத்த ஊசி.
அப்போ சரி, என்றான்.
ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்,
மறுப்பதைவிட அது சுலபம் என்பதுபோல.

அவர்கள் மொழியில் பிரியமானவரை
'என் ஈரலே' என்றுதான் கூப்பிடுவார்கள்.
நம் மொழியில் ஈரம் என்றால் இரக்கம்.
எந்த மொழியிலும் அது
சொல்லாமல் கொள்ளாமல் அழுக்கு வடிகட்டும் வேலைக்காரி,
பாதி செத்தபிறகுதான் முனகும்.

ஐம்பத்தாறாம் நாள்.
நாற்பது ஈரல்கள், நாற்பது குப்பிகள்,
உப்புநீரில் அலசி, ஒற்றியெடுத்து, எடைபோட்டு.
மூன்று கோட்டினுடையது கையில் கதகதப்பாக இருந்தது.
நல்ல நிறமா, கெட்ட நிறமா,
விளக்கடியில் சொல்ல முடியவில்லை.
கண்ணாடித் துண்டுகள் வேறொரு மேசைக்குப் போயின.
விடை வர மாதமாகும்.

கையை மூன்று முறை சோப்பால் கழுவினாள்.
கூலிப் பணத்தை எண்ணிப் பார்த்தாள்.
பேருந்தில் ஏறவில்லை,
பனிச்சேற்றில் சந்தைவரை நடந்தாள்.

அத்தாரி கடையைத் தாண்டி,
இரும்புக் கடையில்,
இரண்டு வடிகட்டி வைத்த முகமூடி.
வாரைப் பலமுறை இழுத்து இழுத்துப் பார்த்தாள்,
கடைக்காரன் முறைக்கும்வரை.

ராமியார் அதை மாட்டிக்கொண்டு
கண்ணாடி முன் நின்றான்.
பூச்சிபோல இருக்கேன், என்றான்.
குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து.
இரு, என்றாள் ஷிலான்.
கழற்றாதே.
இன்னும் கொஞ்சநேரம் அப்படியே மூச்சு விடு.